இராசதந்திர ஆட்டமும் வரலாற்றுண்மையும்

நூலையும் நாடகத்தையும் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் நாம் விளையாட்டை அவ்வாறு கொள்வதில்லை. விளையாட்டுப் பொழுதுபோக்கென்றும், பொழுதுபோக்கு ஆராய்ச்சிக்கு ஒவ்வாததென்றும் எண்ணிவிடுகின்றோம். ஆயினும், ஒரு காலத்து வரலாற்றைப் பொருளாகக் கொண்டு, அக்காலத்து அரசுகளின் இடத்தில் நம்மை நிறுத்தி, 'நீயாயின் யாது செய்வாய்?' என வினவும் ஆட்டம் ஒன்று இருப்பின், அஃது அவ்வரலாற்றைப் பற்றி ஒரு கருத்தை வெளியிடுகின்றது என்றே கொள்ளல் வேண்டும். கருத்து உள்ளவிடத்துத் திறனாய்வுக்கும் இடமுண்டு. அத்தகைய ஆட்டங்களுள் பெரிதும் புகழ்பெற்ற 'டிப்ளோமஸி' என்பதனை ஈண்டு ஆராய்வாம். அதன் வரலாற்று நோக்கு எத்தகையது, அதிற் பங்குபற்றுவோர்க்கு உரிய விதிகள் எத்தகையன, அதனை மாணவர் கையிற் கொடுத்தல் தகுமா என்னும் மூன்று வினாக்களே இக்கட்டுரையின் எல்லை.

போரை மேசைமேல் ஆடிக் காணும் வழக்கம் புதியதன்று. பிரஷ்யப் படையதிகாரியான ரைஸ்விட்ஸ் என்பவர், தம் தந்தையார் 1812 இல் அரசர்க்குக் காட்டிய போராட்டத்தைத் திருத்தி, 1824 இல் விதிநூலாக வெளியிட்டார். சதுரங்கக் கட்டங்களுக்குப் பதிலாக உண்மையான நிலப்படமும், இரு பக்கத்தாரிடமும் எழுத்துமூலம் கட்டளை பெற்று விளைவைக் கூறும் நடுவர் ஒருவரும் அவ்வாட்டத்தின் சிறப்புக்கள். விளைவைத் தாயக்கட்டையும் அட்டவணையும் தீர்மானித்தன. விதிகள் பெருகப் பெருக ஆட்டம் தளர்ந்தது. 1876 இல் வேர்டி து வெர்னுவா என்னும் தளபதி, அட்டவணைகளை நீக்கி, அனுபவமுள்ள நடுவரின் மதிப்பீட்டையே முடிபாகக் கொள்ளலாம் என எழுதினார். விதி பெரிதா, நடுவர் பெரியரா என்னும் இவ்வழக்கு இன்றளவும் தீர்ந்தபாடில்லை. பின்வருவனவற்றுக்கு இஃது அடிப்படையாதலின் இதனை முதற்கண் கூறினாம்.

டிப்ளோமஸியை ஆக்கியவர் அலன் கல்ஹமர் என்னும் அமெரிக்கர். ஹாவாட் பல்கலைக்கழகத்தில் இவர் வரலாறு பயின்ற காலத்து, முதல் உலகப்போரின் மூலகாரணங்களை ஆராய்ந்து 1928 இல் நூல் வெளியிட்ட சிட்னி ஃபே இவர்க்கு ஆசிரியராயிருந்தார். 1954 அளவில் ஆட்டம் உருப்பெற்றது. வெளியிடுவோர் கிடையாமையால், 1959 இல் தம் செலவிலேயே 500 படிகளை இவர் ஆக்குவித்தார். பின்னாளில் இல்லினோய் மாநிலத்தில் தபாற் சேவகராகப் பணியாற்றி, 2013 இல் காலமானார். இவருடைய ஆட்டம் தபால் வழியாகவே பலவிடத்தும் பரவியதென்பதை நோக்குமிடத்து, அத்தொழில் இவர்க்கு வாய்த்தது பொருத்தமே எனலாம்.

ஆட்டத்தின் அமைப்பு எளிது. 1901 ஆம் ஆண்டின் ஐரோப்பாவே களம். இங்கிலாந்து, பிரான்சு, யேர்மனி, இத்தாலி, ஒஸ்திரியா-ஹங்கேரி, ருஷ்யா, துருக்கி என வல்லரசுகள் ஏழு, ஆடுவோரும் எழுவர். படைகளைத் தாங்கும் வளநிலையங்கள் 34. இவற்றுள் 22 தொடக்கத்திலேயே வல்லரசுகளுக்கு உரியன. ருஷ்யாவுக்கு நான்கும் ஏனையவற்றுக்கு மும்மூன்றுமாக அவை அமையும். எஞ்சிய 12 நடுநிலை நாடுகள். 18 நிலையங்களைக் கைக்கொண்டவர் வென்றவராவர். தாயக்கட்டை இல்லை, அதிட்டத்துக்கு இடமே இல்லை. ஒரு படையின் வலி மற்றொன்றின் வலிக்குச் சமம். ஆகவே தனித்து நின்ற படை தனித்து நிற்கும் படையை அசைக்க இயலாது. பிறிதொரு படை ஆதரவு தந்தாலன்றி வெற்றி இல்லை. மூன்று படையோடு தொடங்குவோன் அவ்வாதரவை அயலானிடமே பெறல் வேண்டும். அதன்பொருட்டு ஒவ்வொரு தவணைக்கும் முன்னர் ஆடுவோர் தனித்தனியே கூடிப் பேசுவர். பின்னர் ஒவ்வொருவரும் மறைவாகக் கட்டளை எழுதுவர். யாவும் ஒருங்கே திறக்கப்படும். பேசியபடியே எழுதவேண்டும் என்னும் விதி இல்லை.

இவ்வமைப்பில் ஃபே என்பாரின் மாணவரைக் காண்கின்றோம். போருக்குரிய பழி யேர்மனி ஒன்றற்கே உரியதன்று, எல்லா வல்லரசுகளும் அதிற் பங்குடையன, மறைவான உடன்படிக்கைகளின் பின்னலே ஆழ்ந்த காரணம் என்பது ஃபேயின் முடிபு. ஆட்டத்திலும் குற்றவாளி என முன்கூட்டியே குறிக்கப்பட்டவர் எவருமிலர். ஒவ்வொருவரும் அச்சத்தாலும் ஐயத்தாலும் உந்தப்பட்டு, தற்காப்பெனக் கருதியே முன்னேறுகின்றனர். ஈற்றில் ஐரோப்பா முழுவதும் போர்க்களமாகின்றது. இந்நிலையை நூலிற் படிப்போன் அறிவான். ஆட்டத்திற் புகுந்தோன் உணர்வான். இத்தாலி 1882 இல் யேர்மனியுடனும் ஒஸ்திரியாவுடனும் உடன்படிக்கை செய்து, 1915 மே மாதத்தில் ஒஸ்திரியாவுக்கு எதிராகவே போர் தொடுத்த செயல் மாணவர்க்கு விளங்காப் புதிராயிருப்பது வழக்கம். இத்தாலியாக ஆடிய மாணவனுக்கு அது புதிரன்று.

குறைகளும் உள. 1961 இல் பிரிட்ஸ் பிஷர் என்னும் யேர்மன் வரலாற்றாசிரியர், தம் நாட்டின் போர்நோக்கங்களை ஆவணங்கொண்டு ஆராய்ந்து, ஃபேயின் முடிபை மீண்டும் வழக்குக்கு உள்ளாக்கினார். சமவலியுள்ள எழுவரை வைத்துத் தொடங்கும் ஆட்டத்தில் அவ்வழக்குக்கு இடமே இல்லை. அதனினும் பெரிய குறை சிறு நாடுகளைப் பற்றியது. பெல்ஜியமும் சேர்பியாவும் இவ்வாட்டத்தில் வெற்றிடங்கள்; முதலில் அடியெடுத்து வைத்தவன் அவற்றைக் கொள்வான். ஆனால் 1914 ஓகஸ்டில் லீஜ் நகரக் கோட்டைகள் யேர்மன் படையை எதிர்த்து நின்றன. சேர்பியா அதே ஆண்டில் ஒஸ்திரியப் படையைத் தன் மண்ணினின்றும் துரத்தியது. பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு 1839 இல் வல்லரசுகள் கொடுத்த உறுதி, இங்கிலாந்து போரிற் புகுதற்குக் கூறிய காரணமாயிற்று. ஆட்டத்திலோ அவ்வுறுதிக்கு ஓர் அணுவளவு நிறையும் இல்லை. மக்கள், பாராளுமன்றம், பசி, இழப்பு என்பனவும் இல்லை. இவ்வாட்டம் அமைச்சர்களின் வரலாறேயன்றி மக்களின் வரலாறன்று என்பதை ஆசிரியர் மாணவர்க்கு முதலிலேயே கூறிவிடல் கடன்.

இனிப் பங்குபற்றுவோர்க்குரிய விதிகளை நோக்குவாம். எழுவரும் ஒரே மேசையைச் சூழ்ந்திருப்பின் இவ்விதிகளின் அருமை புலப்படாது. 1963 இல் நியூயோர்க்கைச் சேர்ந்த ஜோன் போட்மன் என்பவர் இவ்வாட்டத்தைத் தபால் மூலம் நடத்தத் தொடங்கிய பின்னரே அது தெரியவந்தது. ஆடுவோர் தமக்குள் கடிதம் எழுதிப் பேசினர். கட்டளைகளை நடுவர்க்குக் குறித்த நாளுக்குள் அனுப்பினர். விளைவு அச்சிட்டு அனுப்பப்பட்டது. குறித்த நாளிற் கட்டளை வாராவிடின் யாது செய்வது? அந்நாட்டில் ஆட்சி குலைந்தது எனக் கொள்க என்பது மூலவிதி. அதன் படைகள் இருந்தவிடத்தே நிற்கும், ஒன்றுக்கொன்று ஆதரவு தாரா, துரத்தப்படின் கலைக்கப்படும், புதுப்படை எழாது. இவ்விதி நேர்மையானதே. ஆயினும் வாராதவனின் நாடு அருகிலிருப்பவனுக்கு உழையாமற் கிடைத்த செல்வமாகிவிடுகின்றது. திறமையால் வந்த வெற்றியும் தற்செயலால் வந்த வெற்றியும் வேறறியப்படாமற் போகின்றன. தாயக்கட்டையை நீக்கிய ஆட்டத்தில் அதிட்டம் இவ்வாயில் வழியாகவே மீண்டும் புகுகின்றது. ஆகவே பதிலாள் வைக்கும் வழக்கம் தோன்றியது.

பதிலாள், முன்னவன் கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டவனா? கட்டுப்பட்டவனல்லன் என்பதே வழக்கம். இதனைக் குறை கூறுவோர் வரலாற்றை நோக்குவாராக. 1917 நவம்பரில் ருஷ்யாவிற் பதவியேற்ற போல்ஷெவிக் அரசு, சார் மன்னன் காலத்து இரகசிய உடன்படிக்கைகளைக் கைவிட்டதோடமையாது, அவற்றை உலகறிய வெளியிட்டது. 1918 மார்ச்சில் யேர்மனியுடன் தனித்துச் சமாதானமுஞ் செய்தது. ஆட்டத்தின் வசதிக்காக எழுந்த விதி ஒன்று வரலாற்றோடு இவ்வளவு பொருந்துதல் வியப்பிற்குரியது.

மூன்றாம் வினாவுக்கு விடை கூற ஓர் அனுபவத்தைக் குறிப்பிடல் வேண்டும். யாம் வரலாறு கற்பிக்கும் உயர்வகுப்பில், எழுவரைக் கொண்டு ஒரு தவணை இவ்வாட்டத்தை நடத்தினோம். வெள்ளிதோறும் பாடசாலை விடும் மணிக்குமுன் கட்டளைத்தாள் பெட்டியில் இடப்படல் வேண்டும். இடாதவனின் படை நிற்கும். விதி முன்னரே எழுதி ஒட்டப்பட்டது. ஒஸ்திரியாவாக ஆடிய மாணவன் காய்ச்சலால் இரு கிழமை வரவில்லை. விதிப்படி அவன் படைகளை நிறுத்தினேன். இத்தாலி திரியெஸ்தையும் ருஷ்யா புடாபெஸ்தையும் கைக்கொண்டன. மூன்றாங் கிழமை அவன் மெலிந்து வந்து படத்தை நோக்கி நின்று, "சேர், நான் வராததற்கு எனது நாடு என்ன பிழை செய்தது?" என்றான். விதியைச் சுட்டிக் காட்டினேன். அவன் வாதாடவில்லை, ஆனால் என் விடை எனக்கே போதவில்லை.

அன்று மாலை பழைய தாள்களைப் புரட்டியபோது ஒன்று கண்டேன். வியன்னா மாத்திரம் வீழாதிருந்தமைக்குக் காரணம் யேர்மனி. பொகீமியாவில் நின்ற அப்படை, இரு கிழமையும் வாராத நண்பனின் வியன்னாவுக்கு ஆதரவு எழுதியிருந்தது. அம்மாணவன் விரும்பியிருப்பின் ருஷ்யாவுடன் சேர்ந்து வியன்னாவைத் தானே கொண்டிருக்கலாம். எவ்விதியும் தடுத்திராது, எவரும் பழித்திரார். வாக்குத் தவறலாம் என்று விதி விட்டிருந்தமையாலேயே, தவறாமை அவனுக்கு உரிய செயலாயிற்று. கட்டாயத்தாற் காக்கப்படும் வாக்கில் காப்பவனுக்குப் பெருமை யாது?

இதனைக்கொண்டு, 'ஆட்டம் நட்பை வளர்க்கும்' என முடித்துவிடல் எளிது, அது பிழை. 1914 ஜூலை 5 இல், நட்பு நாடென்னும் காரணத்தால், யேர்மனி ஒஸ்திரியாவுக்கு வரையறையற்ற ஆதரவு உறுதி கூறியதும் அப்பெரும்போர்க்கு வழிகோலிய செயல்களுள் ஒன்றன்றோ? வகுப்பில் இதனை எடுத்துக் கூறியபோது யேர்மனியாக ஆடியவன் திகைத்தான், பின்னர், "அப்படியென்றால் நான் செய்தது சரியா, பிழையா?" என்று கேட்டான். அவ்வினாவைப் பற்றி அன்று பாடவேளை முழுவதும் வகுப்பு வாதிட்டது. பாடநூலைப் படித்து அவ்வினாவை எழுப்பிய மாணவனை யாம் கண்டதில்லை.

வஞ்சகத்தைக் கற்பிக்கும் ஆட்டம் எனச் சான்றோர் சிலர் இதனை ஒதுக்குவர். தூது, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அதிகாரம் வகுத்த நூலைப் போற்றும் நமக்கு அரசியற் சூழ்ச்சியை அறிதல் இழுக்கன்று. அறிந்து அதனுள் அமிழ்ந்து போதலே இழுக்கு. 2022 இல் மெற்றா நிறுவனத்தார் ஆக்கிய 'சிசெரோ' என்னும் கணினி நிரல், மனிதரோடு உரையாடியே இவ்வாட்டத்தில் 40 ஆட்டங்கள் ஆடி, பங்குபற்றியோருள் முன்னணியினரோடு வைத்தெண்ணப்பட்டது. பேசி இணங்குவித்தலும் இயந்திரத்துக்குக் கைவந்த காலத்தில், ஒருவன் கூறும் சொல்லை எடைபோட்டு அறியும் பயிற்சி மாணவர்க்கு வேண்டாததன்று.

எனவே எம் முடிபு இது. டிப்ளோமஸி வரலாற்றுப் பாடமன்று. வரலாற்று வினாக்களை எழுப்பும் கருவி. அதனை நடத்துவோர் நான்கு நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். விதிகள் ஆட்டத்தின் முன்னரே எழுதப்பட்டு, நடுவில் மாறாதிருத்தல், நடுவர் ஆடாதிருத்தல், ஆடுவோர் தமக்குள் பொய் கூறினும் நடுவர்பாற் பொய் கூறாதிருத்தல், வாராதவன் நாட்டுக்குப் பதிலாளை முதல் நாளிலேயே குறித்து வைத்தல். ரைஸ்விட்ஸுக்கும் வேர்டிக்கும் இடையிலான வழக்கில் யாம் விதியின் பக்கத்தினேம். இரக்கங்கொண்ட நடுவர் ஒருவர்க்கு இரங்கும்போது மற்றோர்க்கு அநீதி செய்கின்றார். இரக்கம் விதியை ஆக்கும்போதே அதனுள் இடம்பெறல் வேண்டும். காய்ச்சலில் வீழ்ந்த மாணவனுக்கு யாம் இழைத்த பிழை விதியைக் காத்தமையன்று. காய்ச்சல் வரும் என்பதை எண்ணாமல் விதி செய்தமையே. அடுத்த ஆண்டின் விதித்தாளில் பதிலாளின் பெயர்க்கு ஒரு நிரல் சேர்க்கப்பட்டுள்ளது.