நினைவும் காணியும்: சனாதனனின் ‘முற்றுப்பெறாத தோம்பு’ பற்றி ஒரு நோக்கு

இடப்பெயர்வைப் பொருளாகக் கொண்ட ஈழத்துத் தமிழ்க் கலையாக்கங்களிற் பெரும்பாலானவை ஒப்பாரியின் வழிவந்தவை. இழப்பை உரைப்பதில் அவை வல்லன. ஆனால், இழந்த பொருள் யாது, அது எத்தகைய சமூக உறவுகளால் ஆனது என வினவுவதில் அவை அத்துணை ஆர்வம் காட்டுவதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஓவியர் தா. சனாதனன், 2011இல் ‘றேக்கிங் லீவ்ஸ்’ பதிப்பகத்தின் வாயிலாக வெளியிட்ட நூல்வடிவக் கலைப்படைப்பு இப்போக்கினின்றும் விலகியது. அதன் ஆங்கிலத் தலைப்பை ‘முற்றுப்பெறாத தோம்பு’ எனத் தமிழாக்கலாம்.

படைப்பின் அமைப்பு எளிமையானது. போரினால் வீட்டை விட்டு நீங்கிய தமிழ்பேசும் மக்கள், தத்தம் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்துள்ளனர். இவ்வாறு எண்பது வீடுகள். அவ்வரைபுகள் கட்டடக்கலைக்குரிய நேர்கோடுகளில் மீளவும் வரையப்பட்டுள்ளன. அவற்றுக்கு எதிர்வினையாக ஓவியர் தீட்டிய உலர்வண்ணச் சித்திரங்களும் உடன் வருகின்றன. இவை யாவும் அரச அலுவலகக் கோப்பொன்றின் தோற்றத்திற் கட்டப்பட்டுள்ளன. பழகாத கையின் தடுமாறும் கோட்டுக்கும் வரைவாளனின் திருத்தமான கோட்டுக்கும் இடையிலுள்ள தொலைவே இப்படைப்பின் உயிர் எனலாம். முன்னையதில் அறைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பின்னையதில் எல்லாம் பொருந்திவிடுகின்றன. எது உண்மைக்கு அண்மையானது என்பதைப் படைப்பாளி கூறாது விடுகிறார். அது நன்று.

தலைப்பு தற்செயலானதன்று. தோம்பு என்பது போர்த்துக்கேயர் வழியாக நம் மொழிக்கு வந்த சொல். போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் காணியையும் அதற்குரியோரையும் பதிவுசெய்த ஏடு அது. வரியும் ஊழியமும் அறவிடும் பொருட்டே மக்கள் அதிற் பெயர் பெற்றனர். அவர்தம் வாழ்வு குறித்த அக்கறையினால் அன்று. ஆள்வோரின் ஏட்டு வடிவைப் பறித்து, ஆளப்பட்டோரின் நினைவை அதில் நிரப்பியமை இப்படைப்பின் அரசியல். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோர், அவ்வாண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள், 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தோர் ஆகியோரின் வீடுகளுக்கு, அரசின் எந்த ஏட்டையும் விட நினைவே உறுதியான பதிவாக இருந்த காலமும் உண்டு.

நினைவு தனிமனித மூளையின் சேமிப்பு அன்று, சமூகச் சட்டகங்களுள்ளேயே அது நிலைபெறுகின்றது என்பதை மோரிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925இலேயே விளக்கினார். யாழ்ப்பாணத்தவரைப் பொறுத்தவரை அச்சட்டகம் பெரிதும் சொத்துறவினால் அமைந்தது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்தது. வீடு பெரும்பாலும் தாய்வழியே மகளுக்குச் சீதனமாக இறங்கியது. எனவே ‘எங்கள் வீடு’ என ஒருவர் வரையும்போது, அவர் வரைவது பலவேளைகளில் தாயின் சீதனத்தையே. ரொறன்ரோவிலோ பாரிசிலோ பிறந்த பேர்த்திக்குக் காணி கிட்டாது போகலாம். அவளுக்கு இறங்குவது அதன் படம் மட்டுமே. அவ்வகையில் நினைவு, சொத்தின் இறுதி வடிவமாகின்றது. 1995ஐப் பெரும்பாலும் பிறர் சொல்லக் கேட்டே அறிந்த என் தலைமுறையினருக்கும் இது புதிதன்று.

இவ்விடத்து ஓர் ஐயம் எழுகின்றது. தரைப்படம் என்னும் வடிவம் எல்லோர்க்கும் ஒரே அளவில் நீதி செய்யுமா? நாற்சார் வீட்டுக்கு முற்றம், விறாந்தை, பின்வளவு என வரைய நிரம்ப உண்டு. பிறர் காணியில் ஒற்றைக் கொட்டிலிட்டு வாழ்ந்த கூலியாளுக்கு வரைய ஒரு சதுரமே உண்டு. காணி எவருடையது என்பதை அச்சதுரம் காட்டாது. 1977 வன்செயலின் பின் வன்னியிற் குடியேறி, அங்கிருந்தும் பெயர்க்கப்பட்ட மலையகத் தமிழரின் இழப்பும் இத்தகையதே. மேலும், திண்ணை வரை வரத்தக்கவர் யார், படலைக்கு வெளியே நிற்கவேண்டியவர் யார் என்னும் விதியே யாழ்ப்பாண வீட்டின் உண்மையான தரைப்படம். அதைக் கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இலேயே வரைந்து காட்டிற்று. போர் அவ்விதியை அகதி முகாம்களிற் சற்றுத் தளர்த்தியது. நினைவோ, வீட்டை மீளக் கட்டும்போது விதியையும் சேர்த்துக் கட்டிவிடக்கூடும்.

இதனாற் படைப்பைக் குறைகூறுவது என் நோக்கமன்று. இனவொடுக்குமுறையின் முன் சாதியைப் பேசுவது ஒற்றுமையைக் குலைக்கும் என்பார் கூற்றையும் நான் ஏற்கவில்லை. முற்றுப்பெறாதது எனத் தன்னையே அழைத்துக்கொள்ளும் ஏட்டில், இன்னும் எழுதப்படவேண்டியது எது என்று கேட்பது வாசகன் கடன்.

உரும்பிராயின் செம்பாட்டு மண்ணில் எழுதப்பட்ட காணி உறுதிகளை எடுத்து நோக்கலாம். பரப்பு, எல்லை என்பவற்றோடு கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் அவற்றில் எழுதப்படுவதுண்டு. நினைவிலிருந்து வரையும் கை, கிணற்றை ஒரு சிறு வட்டமாகப் போட்டு நிறுத்திவிடும். அதில் அள்ளிக் குடித்தவர் எவர், எட்ட நின்று பிறர் வார்க்கக் கையேந்தியவர் எவர் என்பது உறுதியிலும் இல்லை, வட்டத்திலும் இல்லை.