ஒரு கிராமத்தை அளந்த நூல்

செஞ்சியில் இராஜகிரிக் கோட்டையின் உச்சியில் நின்று பாருங்கள். ஏரிகள், வயல்கள், பாறைக் குன்றுகள். தொழில் வளர்ச்சி இந்த ஊர்களை என்ன செய்திருக்கும் என்று கேட்கத் தோன்றும். விடை தேட உதவும் நூல் ஒன்று உண்டு. கில்பர்ட் ஸ்லேட்டர் பதிப்பித்து 1918இல் வெளிவந்த ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற ஆங்கில நூலே அது.

ஸ்லேட்டர் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர். 1916இல் மாணவர்களிடம் வினாப் பட்டியலைக் கொடுத்துச் சொந்த ஊரை ஆராய்ந்து வரச் சொன்னார். செஞ்சிக்கு வடக்கே தூசி, தெற்கே இருவேல்பட்டு ஆகிய ஊர்களும் அந்நூலில் உள்ளன. தாமஸும் இராமகிருஷ்ணனும் 1936-37இல் மறு ஆய்வு செய்தனர். இருவேல்பட்டுக்கு 1980களில் குகனும் ஜோன் மென்ச்சரும், 2008இல் ஜான் ஹாரிஸ் குழுவினரும் சென்றனர். ஒரே ஊருக்கு 90 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கணக்கு! இத்தகைய செல்வம் உலகிலேயே அரிது.

நூலின் பலமும் குறையும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. 1916இல் கல்லூரிக்குப் போனவர் யார்? பெரும்பாலும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளை. ஊர் விவரம் அவருக்கு எளிதில் கிடைக்கும். ஆனால் கூலியாளிடம் “உனக்கு எவ்வளவு கடன்?” என்று கேட்பவர், கடன் கொடுத்தவரின் மகனாகவே இருக்கலாம் அல்லவா? வெப்பமானியை நீரில் இட்டால் நீரின் வெப்பநிலையே சற்று மாறுவதைப் படித்திருப்பீர்கள். இங்கும் அதே சங்கடம்.

மற்றொரு குறை, ஊர் எல்லை. நெல், மாடு, கிணறு எல்லாம் எல்லைக்குள் எண்ணப்பட்டன. தொழிலோ எல்லையை மதிப்பதில்லை. எண்ணெய் எஞ்சினும் பிறகு மின்சாரப் பம்பு செட்டும் வந்தன. ஏற்றம் இறைத்த கைகளுக்கு வேலை போயிற்று. 2008இல் இருவேல்பட்டு மக்களின் பிழைப்பு பெருமளவு வெளி வேலையைச் சார்ந்திருந்தது. ஊரை ஆட்டிவைத்த பெரிய நிலக்கிழார் வீட்டின் பிடியும் தளர்ந்திருந்தது. கூலியாளுக்கு வேறு வாசல் திறந்ததும் அதற்கொரு காரணம். ஊருக்குள் ஆலை எழ வேண்டிய அவசியமே இருக்கவில்லை!

தூசியின் கதை வேறு. செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டை அதற்கு அருகிலேயே இருக்கிறது. சுற்று வட்டாரப் பெண்கள் காலணித் தொழிற்சாலைக்குப் பேருந்தில் போகிறார்கள். அவர்களுடைய சம்பளத்தை நெல்லையும் மாட்டையும் கேட்கும் பட்டியலில் எங்கே எழுதுவது? அதே தொழிற்பேட்டையின் விரிவாக்கத்திற்கு நிலம் தர மறுத்து 2023இல் மேல்மா விவசாயிகள் போராடினார்கள். சம்பளத்தையும் போகவிருந்த நிலத்தையும் ஒரே ஏட்டில் எழுதும் ஆய்வே இப்போது வேண்டியது.

செஞ்சிப் பக்கத்து மாணவர்கள் இதைத் தொடங்கலாம். ஸ்லேட்டரின் கேள்விகளோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: காலை முதல் பேருந்தில் உங்கள் ஊரிலிருந்து யார் யார், எங்கே போகிறார்கள்?