தொட்டுப் பார்க்கும் சரித்திரம்: ஒரு நூற்பாலை நூதனசாலை குறித்து

தொழிற்புரட்சியைப் பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்டும் நூதனசாலைகள் இங்கிலாந்தின் வடபகுதியில் பல உள்ளன. மன்செஸ்ரர் விமானநிலையத்துக்கு அண்மையில், ஸ்ரையில் கிராமத்திலுள்ள குவாறி பாங் நூற்பாலை அவற்றுள் நல்லதொன்று. ஆறும் எட்டும் வயதான என் பிள்ளைகளுடன் ஒரு முழுநாள் அங்கே திரிந்தேன். அது நல்லதாக இருப்பதனாலேயே அதனோடு சில விடயங்களில் முரண்பட வேண்டியிருக்கிறது.

1784இல் சாமுவேல் கிறெக் என்பவர் பொலின் ஆற்றின் நீர்விசையை நம்பிக் கட்டிய ஆலை இது. 1939இல் நஷனல் ட்ரஸ்ற் கைக்கு வந்தது. இன்று அங்கே சுழலும் இரும்புச் சக்கரம் யோர்க்ஷயரிலுள்ள வேறோர் ஆலையிலிருந்து கொண்டுவரப்பட்டது. அதனால் பிள்ளைகளுக்கு ஒரு குறையுமில்லை. சக்கரத்தடியைவிட்டு அவர்களை இழுத்துவருவதே பெரும்பாடாயிற்று. பிறகு பஞ்சைக் கையால் சிக்கெடுத்துத் திரித்து நூலாக்கிப் பார்த்தார்கள். மகன் திரித்த நூல் கயிற்றுப் பருமனில் வந்தது.

அங்கே எனக்கு ஆகச் சிறந்ததாகப்பட்டது யாராலும் தொடமுடியாத ஒன்று: தறியின் சத்தம். ஒரேயொரு தறியை ஓட்டிக் காட்டினார்கள். இரு பிள்ளைகளும் காதைப் பொத்திக்கொண்டார்கள். இப்படிப் பல தறிகள் ஒன்றாக ஓடும் கூடத்தில் நின்ற லங்காஷயர்ப் பெண்கள் உதட்டசைவால் பேசக் கற்றுக்கொண்டார்கள் என்பது அந்தச் சத்தத்துக்குள் நிற்கும்போதுதான் விளங்குகிறது. எந்த விளக்கப் பலகையாலும் இதைச் செய்ய முடியாது.

பிரச்சினை தொடங்குவது அப்பிரென்ரிஸ் வீட்டில். 1790இல் கட்டப்பட்ட இந்த வீட்டில், ஏழைகள் விடுதிகளிலிருந்து ஒப்பந்தம் எழுதிக் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ தொண்ணூறு பிள்ளைகள் ஒருகாலத்தில் தங்கியிருந்தனர். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. உணவு, உடுப்பு, படுக்கை மட்டுமே. நாங்கள் போன அன்று வழிகாட்டி பிள்ளைகளை வாங்கில் இருத்தி, சிலேற்றில் எழுதவிட்டு, கஞ்சியின் கதை சொன்னார். மிகத் திறமையான பெண்மணி. முடிவில் என் மகள், இங்கே ஒரு இரவு தங்கலாமா என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியே இம்முறையின் பலவீனத்தைச் சொல்லிவிடுகிறது. கட்டிலைத் தொடலாம், சிலேற்றைத் தொடலாம். பன்னிரண்டு மணிநேர வேலையைத் தொடமுடியாது.

1806இல் ஜோசப் செவ்ரன், தோமஸ் பிறீஸ்லி என்ற இரண்டு பையன்கள் இங்கிருந்து ஓடி லண்டன் போய்ச் சேர்ந்தனர். ஒருவனுக்குப் பதினேழு வயது, மற்றவனுக்குப் பதின்மூன்று. மஜிஸ்திரேட்டுகள் முன் அவர்கள் கொடுத்த வாக்குமூலங்கள் உள்ளன. அவற்றிலே சாப்பாடும் படுக்கையும் பெரிய குறையின்றி விபரிக்கப்படுகின்றன. பிறீஸ்லியின் இடக்கைச் சுட்டுவிரலை இயந்திரம் பறித்ததும் அதே வாக்குமூலத்தில்தான் இருக்கிறது. இருவரும் தாயைப் பார்க்கவே புறப்பட்டிருந்தார்கள். நூதனசாலை இதை மறைக்கவில்லை. ஓடிப்போனவர்களைப் பற்றியும் வழிகாட்டி சொன்னார். ஆனால் கஞ்சியும் கட்டிலும் பொருளாக எதிரே இருக்க, விரலும் தாயும் இரண்டு நிமிடப் பேச்சாகப் போய்விடுகின்றன. எட்டு வயதுப் பிள்ளை எதை வீட்டுக்குக் கொண்டுபோகும்?

பஞ்சின் சங்கதியும் இப்படித்தான். பிள்ளையின் கையில் வைக்கப்படும் பஞ்சு வெள்ளையாக, மெதுவாக, ஊர்பேர் இல்லாமல் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பிரித்தானிய ஆலைகளுக்கு வந்த பஞ்சில் பெரும்பங்கு அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடிமைகள் பறித்தது. கிறெக் குடும்பத்துக்கோ டொமினிக்காவில் அடிமைகளைக் கொண்டு நடத்திய கரும்புத்தோட்டமும் இருந்தது. நஷனல் ட்ரஸ்ற் 2020இல் வெளியிட்ட அறிக்கையில் தனது இடங்களின் அடிமைமுறைத் தொடர்புகளைப் பட்டியலிட்டபோது இந்த ஆலையும் அதில் இடம்பெற்றது. அறிக்கையை வாசிப்பது பெரியவர்கள். பஞ்சைத் தொடுவது பிள்ளைகள். அந்தப் பஞ்சுக் கூடையருகே ஒரு தேசப்படம் வைப்பதற்கு எவ்வளவு செலவாகும்?

பிள்ளைகளைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. அறுந்த நூலை முடிச்சிடும் வேலையைக் கால்மணிநேரம், பேசாமல், இருக்காமல் செய்யச் சொன்னாலே போதும். என் மகன் மூன்றாவது நிமிடத்தில் கதிரை கேட்டிருப்பான்.

இவ்வளவுக்குப் பிறகும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் சொல்வேன். மிகச் சிறியவர்களுக்குத் தறிச் சத்தம் கடுமை. வெளியே தோட்டத்தில் விடலாம். மற்றவர்கள் ஆலையை முதலில் பார்த்து, வீட்டுக்குப் பிறகு போவது நல்லது. மியூல் எனும் நூற்கும் இயந்திரத்தின் வண்டில் முன்னும் பின்னும் ஓட, அதன் கீழே தவழ்ந்து கழிவுப்பஞ்சு பொறுக்கியவர்களும் சிறுவர்கள்தான் என்று அறிந்தபின், அந்தக் கட்டில்களை ஆசையாகப் பார்ப்பது கொஞ்சம் கஷ்டம்.