லம்ப மணலும் இரவல் வானமும்

பத்துகாஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் வழியில் வெள்ளை மணல் திட்டுகள் உண்டு. இரவில், நட்சத்திர வெளிச்சத்தில், 30 விநாடி கேமராவைத் திறந்து வைத்தால் அந்த மணல் பாலைவனமாகவே பதியும். நானும் அப்படி எடுத்த படத்துக்குப் 'பாலைவன இரவு' என்று பெயர் வைத்தவன்தான். இன்று வைக்க மாட்டேன்.

ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் கிந்தா பள்ளத்தாக்கில் ஏது பாலைவனம்? ஈய லம்பங்கள், அதாவது ஈயச் சுரங்கங்கள், மண்ணைக் கரைத்து, அலசி, ஈயத்தை எடுத்துக்கொண்டு கழித்த மணல் அது. 1938இல் கட்டிய தஞ்சோங் துவாலாங் ஈயக்கப்பல் 1982 வரை இந்த வேலையைத்தான் செய்தது. 1985இல் ஈய விலை சரிந்ததும் பெரும்பாலான லம்பங்கள் மூடின. மணலும் குட்டைகளும் தங்கிவிட்டன. படம் இந்தக் கதையை மறைத்து, மனிதர் காலே படாத வெளியாகக் காட்டுகிறது. இரவு வானப் படக்கலையின் முதல் குறை இதுதான் என்பேன்.

ஆனால் வானத்தைப் பொறுத்தவரை நமக்குக் கிடைத்திருப்பது பெரும் வரம். ஈப்போ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நாலரைப் பாகையில் இருக்கிறது. பிப்ரவரி நடுவில் விடியற்காலை 5 மணிக்கு வடக்கே சப்தரிஷி, தெற்கே தென்சிலுவை, தென்கிழக்கே பால்வீதியின் மையம் ஏறத்தாழ 20 பாகை உயரத்தில். மூன்றையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். வட ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குத் தென்சிலுவை எழுவதே இல்லை. ஜூன், ஜூலையில் அதே மையம் அடிவானத்திலிருந்து உச்சிவரை உள்ள உயரத்தில் பாதிக்கும் மேலே ஏறிவிடும். அப்போது மணலும் அதுவும் ஒரே சட்டத்தில் அடங்குவது கடினம். எனவே பிப்ரவரி விடியல்தான் நல்ல நேரம். மழையும் அப்போது சற்று விட்டிருக்கும்.

காற்றின் ஈரம்தான் எதிரி. அட்டகாமா போன்ற உண்மையான பாலையில் காற்று வறண்டும் சலனம் குறைந்தும் இருப்பதால் நட்சத்திரங்கள் ஊசிமுனையாக நிற்கும். இங்கே லென்ஸில் பனி கோத்துவிடும். ஈப்போவின் விளக்குகள் அடிவானத்தில் வெளுத்த குடையாகக் கவிந்துவிடும். இந்த எரிச்சலில்தான் கள்ளத்தனம் பிறக்கிறது. வேறெங்கோ எடுத்த வானத்தை இங்குள்ள மணலுக்கு மேல் ஒட்டிவிடுகிறார்கள்.

பல படங்களை அடுக்கி இரைச்சலைக் குறைப்பதை நான் குறை சொல்லவில்லை. கண் காணாததைக் கேமரா காண்பதும் குற்றமில்லை. கல்யாணத்தில் பட்டப்பகலில் அருந்ததி பார்த்துத் தலையாட்டுகிற நாம் அதைப் பேச முடியுமா? ஒட்டுவேலை வேறு. அது எளிதில் பிடிபடும். நட்சத்திரங்கள் வட்டமாகச் சுழலும் படத்தில் வட்டத்தின் நடுப்புள்ளி துருவ நட்சத்திரத்தின் அருகே அமையும். நம் ஊரில் அது அடிவானத்தை ஒட்டி, பெரும்பாலும் ஏதாவதொரு சுண்ணாம்புக் குன்றின் பின்னால் ஒளிந்திருக்கும். வட்டத்தின் மேல்பாதிதான் நமக்குத் தெரியும். கிழக்கில் நட்சத்திரக் கோடுகள் ஏறக்குறைய செங்குத்தாக எழும். குன்றுக்கு மேல் நடுவானில் முழு வட்டம் சுழன்றால் அது இரவல் வானம்.

இந்த விடியற்காலை வானம் எங்கள் வீட்டில் புழங்கிய வானம். என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் நின்று மேலே பார்த்து, "மீனு சாஞ்சிருச்சு, பெரட்டுக்கு நேரமாச்சு" என்பாராம். பெரட்டு என்பது விடியலில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் கூட்டம். இன்று நாங்கள் டிரைபாட் விரிக்கும் அதே நேரம். அந்தத் தோட்டம் செம்பனையாகிவிட்டது, லயம் இல்லை. அழகைத் தேடி நட்சத்திரம் எடுக்கிறவர்கள் ஒரு முறையாவது அங்கே போய் எடுக்கலாம். லம்ப மணலை எடுத்த அளவுக்குத் தோட்டத்து வானத்தை நாம் எடுக்கவே இல்லை.

போகிறவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். லம்பக் குட்டை ஓரத்தில் மேலே காய்ந்தும் உள்ளே குழைந்தும் கிடக்கும் சேறு உண்டு; இருட்டில் கேமராவைப் பார்த்தபடி பின்னால் நகராதீர்கள். படத்தை வெளியிடும்போது எடுத்த இடம், தேதி, நேரம், ஒட்டினீர்களா இல்லையா என்பதோடு, கீழே கிடப்பது ஈய லம்ப மணல் என்றும் எழுதிவிடுங்கள்.