மாநாட்டு மேடையும் லயத்து வீடும்

மலேசியாவின் வளர்ச்சியையும் எதிர்காலத்தையும் ஆராயப் பல்கலைக்கழகங்கள் கூட்டும் மாநாடுகளில் பெரும்பாலும் ஓர் அட்டவணை காட்டப்பெறும். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என வரிசைகள்; எதிரே வறுமை, வருமானம், பங்குடைமை. 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்தது முதல் இவ்வட்டவணையே விவாதத்தின் அச்சாணி ஆயிற்று. பல இனத்தார் வாழும் நாட்டில் இனவாரியாகக் கணக்கெடுப்பது குற்றமன்று. அக்கணக்கு எதனை மறைக்கிறது என்பதே வினா.

1970இல் தீபகற்ப மலேசியக் குடும்பங்களுள் 49.3 விழுக்காடு வறுமையில் இருந்தன. மலாய்க்காரரிடை ஏறத்தாழ 65, இந்தியரிடை 39, சீனரிடை 26 விழுக்காடு. இந்தியர் நடுவில் நிற்பதால் அவர்தம் நிலை அத்துணை இடர்ப்பாடுடையதன்று என முடிவு கட்டுவது எளிது. ஆனால், அந்த ஒரே வரிசையில் கோலாலம்பூர் வழக்கறிஞரும் உள்ளார். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நிரை பிடித்துப் பால்வெட்டும் தொழிலாளியும் உள்ளார். இருவரையும் கூட்டி வகுத்துப் பெறும் சராசரி மனிதர் எத்தெருவிலும் குடியிருப்பவர் அல்லர்.

வருமானக் கோடு காட்டாத இன்னொன்று வீடு. லயத்து வீடு தோட்டத்துக்குரியது. வேலை போனால் கூரையும் போகும். தோட்டம் தனியார் நிலம் என்பதால் நாட்டுப்புறங்களுக்கான குழாய்நீரும் மின்சாரமும் அங்குச் சேர நெடுங்காலம் ஆயிற்று. நிலமற்றோருக்காக 1956இல் நிறுவப்பட்ட பெல்டாவின் குடியேற்றங்களிலும் மிகப் பெரும்பாலோர் மலாய்க் குடும்பத்தினரே. நாட்டுப்புறத்தான் என்றும் நகரத்தான் என்றும் கொள்ளப்படாத ஒருவன் திட்டங்களுக்கு நடுவே நழுவிப்போவது வியப்பன்று. பின்னர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளானபோது ஆய்வுரைகள் அதனை நகர்மயமாதல் என்றன. லயத்தில் இருந்தோர் அதனை வெளியேற்றம் என்றனர். இரண்டும் ஒரே நிகழ்ச்சியே.

பல்கலைக்கழகத்தார் அனைவரையும் இக்குறைக்கு ஆளாக்குதல் முறையாகாது. மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ், வறுமையை அளக்கச் சாரோங்குகளை எண்ணச் சொன்னவர். வீட்டிலுள்ள சாரோங்குகளை, ஓராண்டுக்கு மேற்பட்ட வயதினர் தொகையால் வகுப்பது அவர் முறை. பொருளியலைக் கொடிக்கயிற்றின் அருகே கொண்டுவந்து நிறுத்திய அளவுகோல் அது! 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த தோட்டத் துண்டாடலைப் பற்றி விரிவான ஆய்வு நூலை 1960களின் தொடக்கத்திலேயே எழுதியவரும் அவரே. பெருந்தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டதையும் தொழிலாளர் நிலைகுலைந்ததையும் ஆராய்ந்த அத்தகைய உழைப்பு, விடுதி மண்டபங்களில் இரண்டு நாள் நடந்து முடியும் மாநாடுகளில் காணக் கிடைப்பது அரிது.

தமிழ் எழுத்தாளரும் தம் பங்குக்கு விடை கூற வேண்டியவரே. அதே துண்டாடல் மலேசியச் சிறுகதைக்குப் பெரும் பொருளாயிற்று. பிரிவும் கண்ணீரும் அக்கதைகளில் மெய்யாகவே பேசுகின்றன. தோட்டத்தை விற்றவன் யார், என்ன விலைக்கு, ஏன் அந்த ஆண்டில் என்னும் வினாக்கள் மட்டும் பல கதைகளில் எழுவதில்லை. கங்காணியின் கொடுமைக்குப் பக்கங்கள் உண்டு. ரப்பர் விலை வீழ்ச்சிக்கு ஒரு வரியும் இல்லை. கொடியவன் ஒருவனைக் காட்டிவிட்டால் கதைக்குப் போதும் என்ற எண்ணம், அட்டவணை போட்டால் ஆய்வுக்குப் போதும் என்ற எண்ணத்துக்கு உடன்பிறப்பு.

1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், துண்டாடலுக்கு எதிராகத் தொழிலாளர்தம் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை விலைக்கு வாங்கியது. கூலிக்கு மரம் வெட்டியவர் அம்மரத்தில் பங்குடையவரானார். சந்தா செலுத்த மனைவியின் தோட்டைக் கழற்றலாமா என்று ஒரு லயத்து வீட்டில் நடந்திருக்கக்கூடிய விவாதத்தில் பொருளியலும் உண்டு; நாவலும் உண்டு.