நாற்பத்தொரு பைட்டில் ஒரு கிளை

நிரல் மாறிவரும் வரலாற்றைக் கிட் (Git) என்னும் மென்பொருள் காத்துவரும் எந்தத் திட்டத்திலும், புள்ளியில் பெயர் தொடங்கும் மறைவான கோப்புறை ஒன்று உண்டு. அதைத் திறந்து 'ஹெட்ஸ்' வரை உள்ளே போங்கள். அங்கே, புதிதாகத் திறந்த பிராஞ்ச், அதாவது கிளை, ஒவ்வொன்றும் ஒரு சின்னஞ்சிறு கோப்பாக இருக்கும். வழக்கமாக அளவு 41 பைட். நாற்பது எழுத்து, ஒரு வரி முறிவு, அவ்வளவுதான்!

அந்த நாற்பதும் ஒரு கொமிட்டின், அதாவது பதிந்துவைத்த ஒரு நிலையின், பெயர். ஓதுகிற கிதாபில் இடும் அடையாளக் கயிறு போல, 'இந்தக் கிளை இதுவரை வந்திருக்கிறது' என்று மட்டும் அது சொல்கிறது. கயிற்றை வேறு பக்கத்தில் வைப்பதற்காக யாரும் கிதாபையே படியெடுப்பதில்லையே. 'புதுசு', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று முழுக் கோப்புறைகளைப் படியெடுத்துக் குவித்தவர்களுக்கு இந்த மெலிவின் அருமை தெரியும்.

மெலிவிலிருந்து துணிவு பிறக்கிறது. நற்பிட்டிமுனையில் ஒரு பிள்ளை கல்முனைக் கடையொன்றுக்குப் பில் போடும் மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பில்லைத் தமிழில் அச்சிடும் முயற்சி ஒரு கிளையில் பாதியில் நிற்கிறது. அதற்குள் கழிவு தவறாக வருகிறது என்று கடையிலிருந்து அழைப்பு. பாதி வேலையை ஒரு கொமிட்டாக இட்டுவிட்டு அவள் கிளை மாறுகிறாள். கண் இமைப்பதற்குள் கோப்புகள் மாறி நிற்கின்றன. இரு கிளைகளுக்கும் பொதுவானவை தொடப்படுவதேயில்லை. இரண்டையும் அருகருகே விரித்து வைக்க ஆசையா? கிட்டில் 2015இல் வந்த வேர்க்ட்ரீ என்ற வசதி அதற்கும் இடம் தருகிறது: ஒரே வரலாறு, இரண்டு மேசை. இத்தனைக்கும் இணைய இணைப்பே வேண்டாம்.

பிரிவதை விட, சேர்வதில்தான் என் மனம் அதிகம் கிறங்குகிறது. மேர்ஜ் செய்யும்போது கிட் முதலில் இரு கிளைகளின் பொது மூதாதையைத் தேடிப் போகிறது. ஒரு பக்கம் மட்டும் மாறிய இடத்தில் மாறியதை எடுத்துக்கொள்கிறது. இருபுறமும் ஒரே வரியை வேறு வேறாகத் திருத்தியிருந்தால் தீர்ப்புச் சொல்வதில்லை. ஏழேழு கோணக்குறிகளை எல்லையாக இட்டு, இரண்டையும் நம்முன் வைத்துவிட்டுப் பொறுத்திருக்கிறது. என்ன அடக்கம்! தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாத மென்பொருள் எத்தனை இருக்கிறது? இணைந்து பிறக்கும் கொமிட்டோ தன் இரண்டு பெற்றோரின் பெயரையும் தன்னுள்ளே சுமந்திருக்கிறது.

இந்த நயமெல்லாம் ஓர் அவசரத்தில் உருவானது என்பது இன்னும் வியப்பு. லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலாளர்கள் பயன்படுத்திய, இதே வகை மென்பொருளான பிட்கீப்பரின் இலவச உரிமம் பறிபோக, 2005 ஏப்ரல் 3இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கினார். 18ஆம் திகதியே பல கிளைகளின் முதல் மேர்ஜ் நடந்துவிட்டது.

அதே மாதங்களில் நம் கரை சுனாமியிலிருந்து எழ முயன்றுகொண்டிருந்தது. காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்ய இலங்கைத் தன்னார்வ நிரலாளர்கள் அப்போது எழுதிய திறந்த மூல மென்பொருள்தான் சஹானா. அதன் வழிவந்த ஈடனின் நிரல் பின்னாளில் கிட்டுக்கு வந்து சேர்ந்தது. இன்று கல்முனையில் ஒருவர் அதைக் கிட் வழியே முழுதாகத் தன் மடிக்கணினிக்கு இறக்கினால், அவர் கையில் வரும் வரலாறு உலகில் எவர் கையிலுள்ள பிரதிக்கும் இம்மியும் குறைந்ததல்ல.