இறக்கிய போலோவுக்கு எந்தச் சக்கரம்?

உயரம் குறைத்து இறக்கிய காரில் 17 அங்குல அலாய் அழகு. அதில் யாரோடும் சண்டை போட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த அழகைத் தெருவில் நிற்பவர் பார்க்கிறார். குலுக்கல் மொத்தமும் சீட்டில் உட்கார்ந்திருப்பவரின் இடுப்புக்குத்தான் வருகிறது. கோவையில் ஒரே காருக்கு 15, 16, 17 என மூன்று செட் சக்கரங்களை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. ரிம் பெரிதானால் சொகுசு போய்விடும் என்ற பேச்சில் பாதிதான் உண்மை என்று தெரிந்துகொண்டேன்.

கார், 2014 மாடல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி. புனே அருகே சாக்கனில் தயாரான போலோவை 2022-ல் நிறுத்திவிட்டார்கள். இன்னும் பழைய காராகத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கிய கையோடு ஸ்பிரிங்கை மாற்றுகிறவர்களும் அவர்களில் உண்டு. இந்த காரின் சொந்தக்காரர் கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் இளைஞர். 35 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங்கையும் அதற்குத் தோதான ஷாக்கையும் சேர்த்தே போட்டிருந்தார். இந்தச் 'சேர்த்தே' முக்கியம். பழைய ஷாக்கை அப்படியே விட்டு ஸ்பிரிங்கை மட்டும் விறைப்பாக்கினால், அதன் துள்ளலை அந்த ஷாக்கால் அடக்க முடியாது. அப்புறம் எந்த டயரைப் போட்டாலும் வண்டி தவளை மாதிரி தாவிக்கொண்டுதான் போகும்.

காரை இறக்கும்போது, சக்கரம் மேலே எழுந்து அமுங்குவதற்கென்று இருந்த தூரத்தில் 35 மி.மீ. நிறுத்தியிருக்கும்போதே செலவாகிவிடுகிறது. மிச்சத் தூரத்தின் முடிவில் பம்ப் ஸ்டாப் என்ற நுரைத்துண்டு காத்திருக்கிறது. அடிக்கடி அதில் போய் மோதாமல் இருக்கத்தான் இறக்கும் ஸ்பிரிங்கை விறைப்பாகச் செய்கிறார்கள். சஸ்பென்ஷன் செய்துகொண்டிருந்த வேலையில் ஒரு பங்கு இப்படிக் கைமாறுகிறது. அதை வாங்கிக்கொள்ள டயரை விட்டால் வேறு ஆள் இல்லை. டயரின் சைட்வாலும் உள்ளே அடைத்த காற்றும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங்தான். கம்பெனி உயரத்தில் ஓடும் காரில் அந்த ஸ்பிரிங் துணைக்கு இருக்கிறது. இறக்கிய காரில், சின்னக் குலுக்கல்களைப் பொறுத்தவரை, அதை நம்பித்தான் முழுப் பிழைப்பும்.

அதனால் அங்குலத்தை விட்டுவிட்டு சைட்வால் உயரத்தைப் பார்க்க வேண்டும். கணக்கு டயர் மேலேயே இருக்கிறது. இந்தப் போலோவுக்கு ஷோரூமில் கொடுத்தது 185/60 ஆர்15. 185 மி.மீ. அகலத்தில் 60 சதவீதம், அதாவது 111 மி.மீ. சைட்வால். பிற்காலத்துப் போலோவின் மேல் வகைகளில் கம்பெனியே கொடுத்த 195/55 ஆர்16-இல் 107. 17 அங்குலத்துக்கு எல்லோரும் போடும் 205/45-இல் 92. முதல் தாவலில் போவது 4 மி.மீ., இரண்டாவதில் 15. "ஒரு இஞ்ச் ஏத்துனா அப்படி என்னங்ண்ணா மாறிடப்போகுது?" என்று டயர் கடைப் பையன் கேட்டான். எந்த ஒரு இஞ்ச் என்று அவனைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

முதலில் 17. உப்பிலிபாளையத்தில் ஏறி கோல்ட்வின்ஸில் இறங்கும் ஜி.டி. நாயுடு மேம்பாலம் பத்து கிலோமீட்டருக்கு நேராகப் போகிறது. மேலே தார் வழவழப்பு. ஆனால் பாலத்தின் இணைப்புகள் சீரான இடைவெளியில் வந்துகொண்டே இருக்கும். 92 மி.மீ. சைட்வாலில் ஒவ்வொரு இணைப்பும் 'டக்' என்று ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வந்துவிடுகிறது. லேன் மாறும்போது பதித்த ரிஃப்ளெக்டர் மேல் ஏறினால் அதையும் எண்ணிவிடலாம். கீழே இறங்கி, குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டி மூடிய தெருக்களில் நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிட்டேன். பல் மேல் பல் பட்டது.

அதே சக்கரத்தோடு மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறினேன். அங்கே கதை வேறு. ஸ்டீயரிங்கைத் திருப்ப நினைத்த கணமே மூக்கு திரும்புகிறது. சைட்வால் குட்டை, ரிம் அகலம்; வளைவில் டயர் மடங்குவதில்லை. மலைப்பாதை நல்ல தாராக இருக்கும்வரை இந்த காரை விட்டு இறங்க மனம் வராது. வாரம் முழுக்க மலை ஏறுகிறவர் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

எடையையும் சொல்ல வேண்டும். தூக்கிப் பார்த்தாலே தெரிகிறது: டயரோடு சேர்த்த 17 அங்குலச் சக்கரம், 15-ஐவிடக் கிலோக்கணக்கில் கனம். இந்தக் கனம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. டிக்கியில் நாலு கிலோ அரிசி மூட்டை வைத்தால் காருக்குத் தெரியாது; சக்கரத்தில் அதே எடை கூடினால், மேட்டில் எகிறிய சக்கரத்தைத் திரும்பத் தரையில் உட்கார வைக்க ஷாக் கூடுதலாகப் போராட வேண்டும். மோசமான சாலையில் 17-இன் அதிர்வு ஓயாததற்கு சைட்வால் மட்டும் காரணமல்ல, இதுவும்தான். 17-க்குப் போட்டிருந்தது ஸ்போர்ட் வகை டயர். மற்ற இரண்டும் டூரிங் வகை. விறைப்பில் ஒரு பங்கை அந்த வகையின் கணக்கில் எழுத வேண்டும். ஆனால் 205/45-ஐத் தேடிப் போனால் கடையில் பெரும்பாலும் ஸ்போர்ட் வகைதான் கிடைக்கும். சைஸைத் தேர்ந்தெடுத்தாலே குணமும் கூட வந்துவிடுகிறது.

16-ஐப் போட்டதும் 'டக்' என்ற அந்தச் சத்தம் 'டப்' ஆகி மழுங்கியது. உண்மையைச் சொன்னால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றே தோன்றியது. பார்க்கவும் குறையில்லை. சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. 195/55 ஆர்16-இன் மொத்த விட்டம் 621 மி.மீ.; ஷோரூம் சைஸின் விட்டம் 603. கம்பெனி உயரத்தில் இது நிம்மதியாக அடங்கும். இறக்கிய காரில் பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினால், பின்சக்கரம் ஆர்ச்சின் உள்விளிம்பை உரசுகிறது. இதற்கு மருந்தாக 195/50 ஆர்16 போடச் சொல்வார்கள். விட்டம் 601-க்கு இறங்கி உரசல் நிற்கும். கூடவே சைட்வால் 97-க்கு இறங்கிவிடும். அதற்கு 17-ஐயே போட்டுக்கொண்டு அழகையாவது அனுபவிக்கலாம்.

கடைசியாக 15. ஷோரூம் சைஸான 185/60-ஐ விட்டு, 195/60 போடச் சொன்னேன். சைட்வால் 117, விட்டம் 615. ஷோரூம் டயரைவிட 12 மி.மீ. பெரிது, அதில் பாதி, 6 மி.மீ., காரின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே திரும்பக் கிடைக்கிறது. 35-ஐ இறக்கிவிட்டு 6-ஐ ஏற்றுவதா என்று சிரிக்கலாம். இறக்கிய கார் வைத்திருப்பவர் சிரிக்க மாட்டார். ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது ஓடுவது இரண்டு சதவீதம் கூடுதலாக இருக்கும். பொதுவாக மீட்டர்கள் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் அது பெரிய விஷயமில்லை.

அதே மேம்பாலம், அதே இணைப்புகள். இப்போது காதுக்குக் கேட்கிறது, கைக்கு வரவில்லை. தோண்டி மூடிய தெருவில் 30-இல் போக முடிந்தது. கோத்தகிரி வளைவுகளில் ஸ்டீயரிங்குக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு சின்னத் தாமதம் தெரிகிறது. டயர் முதலில் மடங்கி, பிறகு திரும்புகிறது. 17-ஐ ஓட்டிவிட்டு உடனே இதில் ஏறினால் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் இறக்கிய ஸ்பிரிங்கின் நல்ல குணம், வளைவில் உடம்பு சாயாமல் நிற்பது, அப்படியே இருந்தது. அதற்கு டயர் குட்டையாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

15 போட்டாலும் தீராத குறை ஒன்று உண்டு. ஆழமான குழியில் விழுந்தால் பம்ப் ஸ்டாப்பில் மோதும் 'தொப்' மூன்று செட்டிலும் ஒன்றுதான். டயர் சின்னக் குலுக்கலை வாங்கும். செலவழித்த 35 மி.மீ. தூரத்தைத் திருப்பித் தராது.

வேகத்தடையும் அப்படியே. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி கட்டிய மேடு 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. போலோவின் வீல்பேஸ் 2.47 மீட்டர். கணக்குப் போட்டால், முன்பின் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் நிற்கும்போது நடுவே எழும் தரை 45 மி.மீ.தான். ஷோரூமில் 165 மி.மீ.யை ஒட்டியிருந்த இடைவெளி 130 ஆன பிறகும் அதைத் தாராளமாகத் தாண்டலாம். தட்டுவதெல்லாம் ஊர்க்காரர்கள் ராவோடு ராவாகப் போட்டுவிட்டுப் போகும் கூம்புகளில். அங்கே எந்த ரிம்மும் காப்பாற்றாது. குறுக்காக ஏற்றுவதுதான் வழி.

ரிம் வாங்கும்போது போலோவுக்கு 5 போல்ட், 100 மி.மீ. பிசிடி (போல்ட் வட்டத்தின் விட்டம்), நடு ஓட்டை 57.1 மி.மீ. என்று கேட்டு வாங்குங்கள். வெளிமார்க்கெட் அலாய்களில் நடு ஓட்டை பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போடாமல் மாட்டினால் சக்கரம் நடுவில் உட்காராது. வேகமெடுத்ததும் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்ஸிங் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆஃப்செட் கம்பெனி அளவான 40-ஐ ஒட்டியே இருக்கட்டும். அது குறைந்து சக்கரம் வெளியே தள்ளி நின்றால் கம்பீரம் கூடும். ஆர்ச்சில் உரசுவதும், சாலையின் ஒவ்வொரு பள்ளமும் ஸ்டீயரிங்கை இழுப்பதும் கூடும். அகல ரிம்மில் ஒல்லி டயரை இழுத்துப் போடுவது இப்போது ஒரு மோகம். அப்படி இழுத்த சைட்வால் அமுங்கவே அமுங்காது; டயருக்கு முன்னால் ரிம் கல்லில் இடிக்கும். சொகுசைப் பற்றிய கட்டுரையில் அதற்கு இதற்கு மேல் இடமில்லை. 195/60-க்கு 6 அங்குல அகல ரிம் போதும்.

காற்று விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. குலுங்குகிறது என்று 17-இல் காற்றைக் குறைத்து ஓட்டுகிறவர்கள், குழியின் ஓரத்துக்கும் ரிம்முக்கும் நடுவே சைட்வாலை நசுக்கக் கொடுக்கிறார்கள். பக்கவாட்டில் புடைத்த டயரும் கோணிய ரிம்மும் அப்படித்தான் வருகின்றன. குட்டை டயருக்குள் காற்றுக்கு இடம் குறைவு. அதே சுமையைத் தாங்கக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். சொகுசுக்காகக் குறைக்கவும் முடியாத சக்கரம் அது. 15-இல், பெட்ரோல் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அடித்தால் போதும். சுமைக் குறியீடு ஷோரூம் டயரின் 84-க்குக் கீழே போகக் கூடாது. 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும்.

இறக்கியதும் முன்சக்கரங்களின் கோணம் மாறியிருக்கும். அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் டயரின் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகும். வெளியே நின்று பார்த்தால் தெரியாது. சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளிலிருந்து விலகி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகச் சொன்னது. சக்கரம் எதுவானாலும், இறக்கிய ஸ்பிரிங் சோதனைக்கு நிறுத்தும் அதிகாரியின் கண்ணில் படக்கூடியதுதான். காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லாமல் மாற்றியிருந்தால், விபத்துக்குப் பிறகு பேச வேண்டியது இன்னும் கஷ்டம்.

சொந்தக்காரர் 15-ஐ மாட்டிக்கொண்டார். 17 செட் இப்போது அவர் பட்டறைப் பரணில் இருக்கிறது, கோத்தகிரிக்கு. புதிதாக மாட்டியதும் 120 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரென்ச்சில் இறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். போலோவில் நட் கிடையாது, போல்ட்தான். கம்பெனி போல்ட்டின் தலைக்குக் கீழே உருண்டை வடிவம். வெளிமார்க்கெட் அலாய்களுக்குப் பெரும்பாலும் கூம்பு வடிவ போல்ட் வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று உட்காராது, ஓட ஓடத் தளரும். ஸ்டெப்னி இன்னும் கம்பெனி ஸ்டீல் ரிம்தான். அதனால் பழைய உருண்டை போல்ட்டில் ஐந்தை ஒரு துணிப்பையில் கட்டி, டிக்கி விரிப்புக்குக் கீழே ஸ்டெப்னியோடு போட்டு வைக்கச் சொன்னேன்.